சக்கரத்தின் நிறம்: கறுப்பு, வெள்ளி, அப்புறம் அவரவர் இஷ்டம்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு நிறம் மாற்றுவது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்று சாதாரண விஷயமாகிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு விடும் நேரத்தில் கவரைப்பேட்டை ஜி.என்.டி. ரோட்டோரம் ஒரு டீ குடித்துக்கொண்டு நின்று பாருங்கள். கறுப்பு வண்டிக்குத் தங்க நிறச் சக்கரம், பழைய ஆர்.எக்ஸ். 100-க்கு வெள்ளைச் சக்கரம், முன்னால் ஒரு நிறம் பின்னால் ஒரு நிறம் என்றுகூட ஓடுகின்றன. கேட்டால், "பவுடர் கோட்டிங் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் எழுபது வருடச் சரித்திரம் இருக்கிறது. அதற்கு முந்தைய அத்தியாயம் ஒன்று நம் ரயில் பாதையிலேயே நடந்தது. இது தெரிந்திருந்தால் சக்கரத்தை எந்தப் பட்டறையில் கொடுக்கலாம், எங்கே கொடுக்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

சக்கரத்துக்கும் நெருப்புக்கும் பழைய உறவு. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். வட்டமாக வறட்டி அடுக்கி, இரும்புப் பட்டையை அதில் பழுக்கக் காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கி மரச் சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். அந்தச் சக்கரத்துக்கு நிறம் என்று தனியாக எதுவும் கிடையாது. மாட்டுப் பொங்கலுக்கு ஆசையாகப் பூசுகிற பெயிண்டு ஆடி மாதம் வருவதற்குள் தேய்ந்து போயிருக்கும்.

தொழிற்சாலைகள் சக்கரம் செய்ய ஆரம்பித்தபோது, நிறத்தை முடிவு செய்தது விலையும் துருவும்தான். ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றார். கறுப்புப் பூச்சு மலிவு, நன்றாக உழைக்கும், அவ்வளவுதான் காரணம். முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்தார்கள். நம் அப்பாக்கள் ஓட்டிய அந்தச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். சட்டம் கறுப்பு, ரிம் வெள்ளி. சட்டத்துக்கு எனாமல் பூசிச் சூளையில் சுட்டார்கள். ரிம்முக்கு குரோமியம் முலாம். வேறு நிறம் வேண்டுமென்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

இனி நம் ரயில் பாதைக்கு வருகிறேன். கவரைப்பேட்டையில் மின்ரயில் ஏறி பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் தாண்டினால் விம்கோ நகர், அடுத்தது திருவொற்றியூர். புல்லட் பிறந்த ஊர். 1949-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்திலிருந்து புல்லட்டை இறக்குமதி செய்ய ஆரம்பித்தது. 1952-ல் இந்திய ராணுவம் 500 வண்டிக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கித் திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டினார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகமும் இந்தியாவிலேயே தயாராகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 1970-ல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை.

அந்தப் புல்லட்டின் அழகே பெட்ரோல் டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடும், பளபளக்கும் குரோம் ரிம்மும்தான். ஆனால் அந்தப் பளபளப்பு எவ்வளவு தடிமன் என்று தெரியுமா? மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அழகுக்குப் பூசும் குரோமியம் அதில் அரை மைக்ரான்கூடத் தேறாது. அதற்கு அடியில் இருக்கும் நிக்கல் அடுக்குதான் உண்மையில் இரும்பைக் காப்பாற்றுகிறது. மேலே உள்ள குரோமியத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு வரை வீசுவது உப்புக் காற்று. உப்பு ஈரம் அந்த விரிசல் வழியே இறங்கும். ஸ்போக் கம்பி நுழையும் துளைகளைச் சுற்றி முதலில் காபிக் கறை போல வரும். பிறகு முலாம் தோலாக உரியும். தேங்காய் எண்ணெய் போட்டு ஞாயிறுதோறும் ரிம் துடைத்த அண்ணன்மாரை நம் ஊரில் பலர் பார்த்திருப்போம். வெறும் பாசம் இல்லை, அதுவும் துரு விரட்டும் வேலைதான்.

குரோமியத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முலாம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம், அதாவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்ட பொருள். அது மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம், ராணிப்பேட்டை போதும். அங்கே சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற கம்பெனி பெரும்பாலும் தோல் பதனிடும் தொழிலுக்காக குரோமிய உப்புகள் செய்தது. 1990-களின் நடுவில் மூடிவிட்டுப் போனார்கள். லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அங்கேயே மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் அதன் ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் ஓடும். சக்கரத்துக்கு முலாம் போடுவதற்கும் அந்த மலைக்கும் நேர்த் தொடர்பு இல்லை, ஆனால் பொருள் ஒன்றுதான். குரோம் முலாமுக்கு மாற்று தேடியதில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு.

அந்த மாற்று ஜெர்மனியிலிருந்து வந்தது. எர்வின் கெம்மர் என்ற விஞ்ஞானி 1953-ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் செய்தது இது. ஒரு தொட்டியில் பிளாஸ்டிக் பொடியைக் கொட்டி, அடியிலிருந்து காற்றை மெதுவாக ஊதினார். பொடி கொதிக்கிற கஞ்சி மாதிரி மிதந்து ததும்பும். சூடாக்கிய இரும்பை அதில் முக்கி எடுத்தால் பொடி உருகி ஒட்டிக்கொள்ளும். பெயிண்டும் வேண்டாம், தின்னரும் வேண்டாம். ஆனால் பூச்சு தடிமனாக இருக்கும். குழாய்களுக்கும் மின்சாரச் சாமான்களுக்கும் சரி, அழகான பொருளுக்குச் சரிப்படாது.

1960-களின் தொடக்கத்தில் அடுத்த படி. பொடியை ஒரு துப்பாக்கி வழியாக ஊதி, அதன் முனையில் மின்னேற்றம் கொடுத்தார்கள். நம் எட்டாம் வகுப்புப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய் தடவாத தலையில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்கினோமே, அதேதான். இங்கே துப்பாக்கி முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம். மின்னோட்டம் மிகச் சொற்பம். மின்னேற்றம் பெற்ற பொடி, கொக்கியில் தொங்கும் எர்த் கொடுத்த சக்கரத்தைத் தேடிப் போய்ப் படியும். பின்பக்கம்கூடச் சுற்றிப் போய் ஒட்டும். பிறகு அதை ஓவனில் வைத்து, சக்கரத்தின் உலோகமே 180 முதல் 200 டிகிரி சூட்டை எட்டிய பிறகு 10 முதல் 20 நிமிடம் வரை வைத்திருப்பார்கள். பொடி உருகி, பரவி, ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். மெழுகுவத்தி உருகுவது போல அல்ல, முட்டை வேகுவது போல. மெழுகு மறுபடி இளகும், வெந்த முட்டை இளகாது. முடிந்த பூச்சு 60 முதல் 100 மைக்ரான் இருக்கும், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். குரோமியத்தின் அரை மைக்ரானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல் தெறித்தாலும் சட்டென்று உதிராதது இதனால்தான்.

இந்த முறை வேகமாகப் பரவியதற்குச் சட்டமும் ஒரு காரணம். பெயிண்டில் கலக்கும் தின்னர் காற்றில் கலந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைப் புகைமூட்டமாக்கியது என்று 1966-ல் அங்கே கரைப்பான்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலியத்திலிருந்து வருகிற தின்னரை வாங்கி ஆவியாக்கி வானத்துக்கு விடுவானேன் என்று முதலாளிகளே யோசித்தார்கள். பொடியில் ஆவியாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சக்கரத்தில் ஒட்டாமல் கீழே விழுந்ததைக்கூட வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம்.

நம் நாட்டில் ஃபிரிட்ஜ், ஸ்டீல் பீரோ, ஜன்னல் சட்டம் என்று வீட்டுக்குள் வந்த பவுடர் பூச்சு, பட்டறைகள் பெருகியதும் மெல்ல ரோட்டுக்கு வந்தது. 1971-ல் தொடங்கிய சிப்காட் கும்மிடிப்பூண்டியில் வளாகம் போட்ட பிறகு, பெரிய கம்பெனிகளுக்கு உதிரி வேலை செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. ஒரு ஓவன், ஒரு துப்பாக்கி, ஒரு கம்ப்ரஸர் இருந்தால் தொழில் ஆரம்பிக்கலாம். பகலில் கம்பெனி ஆர்டர், சாயங்காலம் பையன்களின் பைக் சக்கரம்.

சக்கரமும் அதற்குள் மாறியிருந்தது. 2000-களின் நடுவில் பல்சர், அப்பாச்சி போன்ற வண்டிகள் அலாய் சக்கரத்தோடு வர ஆரம்பித்தன. கம்பி கிடையாது, முலாம் கிடையாது, வார்த்து எடுத்த அலுமினியக் கலவை. அலுமினியத்துக்கு எப்படியும் மேல்பூச்சு வேண்டும். கறுப்பு பூசினால் என்ன, ஆரஞ்சு பூசினால் என்ன, செலவு ஏறக்குறைய ஒன்றுதான். நூறு வருடமாக விலையும் துருவும் முடிவு செய்த நிறத்தை முதல் முறையாக வண்டிக்காரன் முடிவு செய்தான். புல்லட் கம்பெனிகூடக் கடைசியில் இறங்கி வந்தது. 2018-ல் தண்டர்பேர்டு எக்ஸ் வண்டியை அலாய் சக்கரத்தோடு விற்றது.

பட்டறையில் ஒரு நிற அட்டை காட்டுவார்கள், எண்கள் போட்டிருக்கும். 9005 என்றால் அடர்கறுப்பு. அது ரால் என்ற ஜெர்மன் முறை, 1927-ல் வெறும் 40 நிறத்தோடு ஆரம்பித்தது. அட்டையில் இல்லாத நிறத்தை "கொஞ்சம் கலந்து கொடுங்க அண்ணா" என்று கேட்காதீர்கள். நீலப் பொடியும் மஞ்சள் பொடியும் கலந்தால் பச்சை வராது, நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும்தான் வரும். நிறமியைப் பிசினோடு உருக்கிப் பிசைந்து ஆறவைத்து அரைத்துத்தான் பொடியாக்குகிறார்கள். நிறம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. வத்தல் பொடியில் மஞ்சள் பொடியைக் கலந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆர்.சி. பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆர்.சி.யில் பதிவது வண்டியின் நிறம். டேங்கும் பாடியும் நிறம் மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிப் பதிய வேண்டும். சக்கரத்தின் நிறம் அதில் இல்லை.

என் தங்கை மகன் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "மாமா, 200 டிகிரி ஓவன்ல வெச்சா அலாய் இளகிடாதா?"

இளகாது. அந்தக் கலவை உருக 550 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் கேட்க வேண்டியது உருகுவதைப் பற்றி அல்ல, பலத்தைப் பற்றி. அலாய் சக்கரத்தின் பலம் கலவையில் மட்டும் இல்லை, அதைச் சுட்ட விதத்திலும் இருக்கிறது. வழக்கமான கலவையில் அலுமினியத்தோடு 7 சதவீதம் சிலிக்கான், மிகக் கொஞ்சம் மக்னீசியம் இருக்கும். வார்த்த சக்கரத்தை 540 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டென்று அமிழ்த்தி, பிறகு 155 டிகிரி அளவில் சில மணி நேரம் பதமாகச் சுடுவார்கள். அந்தக் கடைசிச் சூட்டில்தான் உலோகத்துக்குள் நுண்ணிய துகள்கள் உண்டாகி அதை இறுக்குகின்றன. பட்டை போட்ட கொல்லருக்கு இரும்பில் தெரிந்த பதம்தான், உலோகம்தான் வேறு.

இப்போது கணக்குப் போடுங்கள். பவுடர் ஓவனின் சூடு அந்தக் கடைசிச் சூட்டைவிட அதிகம். ஒரு முறை, சொன்ன நேரத்துக்குள் வைத்து எடுத்தால் பெரிய பாதிப்பு இல்லை. வருடத்துக்கு ஒரு நிறம் என்று திரும்பத் திரும்பச் சுட்டாலோ, தெர்மாமீட்டர் இல்லாத ஓவனில் கைக்கணக்கில் ஒரு மணி நேரம் விட்டாலோ, அந்த நுண்துகள்கள் பருத்துப் பலம் இறங்கும். அதைவிட மோசம், பழைய பூச்சை எடுக்க நெருப்பில் போடுவது. 350, 400 டிகிரியில் பழைய பெயிண்டு சாம்பலாக உதிர்ந்துவிடும், வேலை சுலபம். சக்கரத்தின் பதமும் அதோடு போய்விடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதே பளபளப்பு, அதே நிறம். வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழும்போதுதான் தெரியும். பழைய பூச்சை மருந்து போட்டு உரிக்க வேண்டும், அல்லது அளவான அழுத்தத்தில் பொடிக்கல் ஊதி எடுக்க வேண்டும். "எப்படி உரிப்பீங்க?" என்பதைத்தான் பட்டறையில் முதலில் கேட்க வேண்டும். எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்று. நம் ரோட்டுப் பள்ளங்களில் அலாய் வளைவது சகஜம். கேஸ் அடுப்புச் சூடு காட்டி அடித்து நிமிர்த்துகிற கடைகள் உண்டு, விரிசலை வெல்டிங் வைத்து அடைக்கிற கடைகளும் உண்டு. அதன்மேல் பவுடர் பூசிவிட்டால் வெல்டிங் தழும்பு, மயிரிழை விரிசல் எல்லாம் மறைந்து புதுச் சக்கரம் போல ஆகிவிடும். அலாய் சக்கரத்தைச் சந்தைக்கு விடுமுன் மோதல் சோதனை, சோர்வுச் சோதனை எல்லாம் செய்கிறார்கள். அடித்து நிமிர்த்திய சக்கரத்துக்கு அப்படி ஒரு சோதனையும் கிடையாது. பூசிய பழைய சக்கரத்தைப் புதிது போல விலைக்குச் சொன்னால் வாங்காதீர்கள். உங்கள் சக்கரத்தையே கொடுப்பதானாலும், பழைய பூச்சை உரித்ததும் ஒரு முறை போய் வெறும் உலோகத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆரக்கால் மையத்தோடு சேரும் மூலைகளைக் கவனித்துப் பாருங்கள். மின்னேற்றப் பொடி உள்மூலைகளுக்குச் சரியாகப் போகாது, ஓரங்களில்தான் அதிகம் படியும். விரிசல் வருவதும் அதே மூலைகளில்தான். பேரிங் உட்காரும் இடம், டிஸ்க் பொருந்தும் முகம், போல்ட் துளை இவற்றை அடைத்து மூடிவிட்டுத்தான் பூச வேண்டும். அங்கே பூச்சு ஏறினால் பேரிங் உட்காராது, போல்ட்டும் நாளடைவில் தளரும்.

புல்லட், ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை அதிகம். ஸ்போக் கம்பிகளை எல்லாம் கழற்றி, ரிம் தனி, ஹப் தனி என்று பூசி, மறுபடி கம்பி கட்டிக் கோட்டம் எடுக்க வேண்டும். குரோம் முலாமின் மேலேயே பூசினால் பிடிக்காது, பாளம் பாளமாக வந்துவிடும். கம்பி கட்டும் கை நம் ஊர்ப்பக்கம் குறைந்துகொண்டே வருகிறது. சைக்கிள் கடைகள் மூடியதோடு அதுவும் போயிற்று.

கடைசியாக, இந்தத் தொழிலில் இருக்கிற என் பிள்ளைகளுக்கு. தின்னர் வாடை இல்லாததால் பவுடர் பூச்சு சுத்தமான தொழில் என்று பெயர் வாங்கிவிட்டது. பூசுகிற இடத்தில் அது ஓரளவு உண்மை. பூசுமுன் துருவும் பழைய பூச்சும் எடுக்க மணல் ஊதுகிறார்களே, அங்கே உண்மை இல்லை. மணல் உடைந்து பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை. இங்கிலாந்தில் இப்படி மணல் ஊதுவதை 1949-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில், கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருந்தது. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்கிற பட்டறைக்கு அந்தச் சட்டத்தின் கை எட்டவில்லை. முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு மணல் ஊதும் பையன்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். கர்ச்சீப் அந்தத் தூசியைத் தடுக்காது.

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவன் இப்போது ஒரு சிறு பட்டறையில் பங்குதாரர். போன மாதம் வழியில் பார்த்தபோது இதைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினோம். இரும்புச் சக்கரத்துக்கு ஸ்டீல் குருணை, அலாய்க்குக் கண்ணாடி மணி என்று மாற்றிவிட்டானாம். அலாய்க்கு இரும்பைப் பயன்படுத்தினால் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப் புள்ளியாக வெளிவரும், அதையும் அவனே சொன்னான். மணலைவிட விலை அதிகம்தான், ஆனால் கொட்டியதைச் சலித்துப் பல முறை பயன்படுத்தலாம். மூடிய பெட்டிக்குள் கையுறை மாட்டி ஊதுகிற கேபினட் ஒன்று பழையதாகக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறான். சிப்காட் பக்கம் மூடிய பட்டறைகளில் இருந்து அப்படி ஏதாவது விலைக்கு வந்தால், உங்களில் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.